சொல்லாமல் எழுந்து போன நடுவர்

என் அக்கா லோகநாயகியின் வீட்டுக்காரர் பொன்னுரங்கத்தைச் சர்வதேசப் படவிழாவுக்கு நடுவராகப் போட்டது நான்தான். வேறு வழி இருந்திருந்தால் போட்டிருப்பேனா? சிதம்பரத்தில் நாங்கள் வருஷா வருஷம் நடத்தும் விழா. சினிமாக்காரர்களுக்கு அதில் இடமில்லை. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, ஆசைக்குப் படம் எடுத்தவர்கள்தான் அனுப்பலாம். மூன்று நடுவர்களில் ஒருவர் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று கழன்றுகொண்டார்.

"மாமா, சும்மா வந்து குந்துங்க. எது நல்லாருக்குன்னு சொன்னாப் போதும்."

"மிக்ஸி ரிப்பேர் தவிர எனக்கு இன்னா தெரியும் மச்சான்?" என்று கேட்டுக்கொண்டேதான் பஸ் ஏறினார்.

மாமாவுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. மனுஷன் மரியாதை தப்ப மாட்டார். டீ குடித்துவிட்டுக் கிளம்பினால்கூட டீக்கடைக்காரரிடம் 'வரேன்பா' சொல்லாமல் நகர மாட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த முன்பின் தெரியாத ஆளிடமும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். ஊரில் நல்லது கெட்டது ஒன்றையும் விடுவதில்லை. கடை பாதி நாள் சாத்தியே கிடக்கும். அக்கா திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள்.

முதல் படத்தில் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றார்கள். விளக்கைப் போட்டோம்.

"படம் எப்ப மச்சான் ஆரம்பிக்கும்?"

"முடிஞ்சிடுச்சு மாமா."

அடுத்த படத்தில் ஒரு சாத்திய கதவு, கதவு, கதவு மட்டும்தான். மாமா பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து ஆபரேட்டரிடம் போய், "எங்கியோ மாட்டிக்கிச்சு பாருப்பா" என்றார். கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். மற்ற இரு நடுவர்கள், ஒரு கல்லூரி ஆசிரியரும் ஒரு ஸ்டுடியோக்காரரும், தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்கள். மாமா திரையை விட்டுவிட்டு அவர்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்தார். அவர்களுக்கு உண்மையிலேயே புரிகிறதா என்று எனக்கும் சந்தேகம்தான்.

மத்தியானம் தெரேசாவின் படம். போர்ச்சுகல்காரர். நேரில் வந்திருந்தது அவர் ஒருவர்தான். அவர் கணவர் இறந்த பிறகு எடுத்த படம். பல விழாக்களில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "இங்கேயும் யாருக்கும் ஒட்டவில்லை என்றால் ஊருக்குப் போய் அழித்துவிடுவேன்" என்று காலையில் காபி குடிக்கும்போது என்னிடம் சொல்லியிருந்தார். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது.

படத்தில் ஒரு கல்லறைக் குழி, கறுப்பு உடையில் தெரேசா. அப்புறம் வீடு. ஆணியில் ஒரு கோட். அடுப்படியில் இரண்டு கோப்பை, ஒன்றில் மட்டும் காபி. பேச்சே கிடையாது.

விளக்கைப் போட்டதும் நடுவர்கள் படம் எடுத்தவரிடம் நாலு வார்த்தை பேசுவது வழக்கம். தெரேசா எழுந்து நின்றார். மாமாவும் எழுந்தார். அந்தம்மாவைக் கடந்து, என்னைக் கடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விட்டார். "மாமா, மாமா" என்று நான் பின்னாலேயே ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். போன் அடித்தால் எடுக்கவில்லை.

"அவ்வளவு மோசமா என் படம்?" என்றார் தெரேசா.

டீக்கடைக்காரனிடம் சொல்லிக்கொள்கிற ஆள், கடல் தாண்டி வந்த ஒரு பொம்பளையிடம் இப்படியா நடப்பார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே அதைவிடத் தலைவலி. ஆசிரியர் தெரேசா படம் என்கிறார், ஸ்டுடியோக்காரர் ஆப்பிள் படம் என்கிறார். மாமா சொன்னால்தான் முடியும். வண்டியை எடுத்துக்கொண்டு கடலூருக்கு விட்டேன்.

வாசலிலேயே அக்கா மறித்தாள். "யாருடா செத்தது?"

"யாரும் சாவுலியே."

"அப்புறம் எதுக்கு அந்த ஆளு வூட்டுக்குள்ளகூட வராம பின்னால கொழாயில குளிக்கிறாரு? எழவுக்குப் போய்ட்டு வந்தேன்றாரு, யாருன்னா தெரியாதுன்றாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எனக்கும்தான். மாமா ஈரத் துண்டோடு வந்தார்.

"எழவு வூட்ல போய்ட்டு வரேன்னு யார்னா சொல்லுவாங்களா மச்சான்? அந்தம்மா புருஷன அடக்கம் பண்ணிட்டு ஒண்டியா காபி குடிக்குது. பாத்தமில்ல நாம?"

"அது படம் மாமா."

"செத்தது நெசம்தான?"

"முதல் பரிசு எதுக்குன்னு கேக்குறாங்க" என்றேன்.

"எழவுக்குப் போய் மார்க்கு போடச் சொல்றியா? வேற ஆளப் பாரு."

திரும்பிப் போவதற்குள் விழாத் தலைவர் தன் ஓட்டைப் போட்டு, பரிசை ஆப்பிள் படத்துக்குக் கொடுத்து முடித்திருந்தார். தெரேசா மண்டப வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, வீட்டுக்குள் நுழையுமுன் குளிக்க வேண்டும், மார்க் போட மாட்டேன் என்றது வரைக்கும். சொல்லச் சொல்ல எனக்கே உளறுவது போலத்தான் இருந்தது.

"நிஜமாகவே குளித்தாரா?" என்றார்.

"தலைக்கு ஊற்றிக்கொண்டு குளித்தார்."

தெரேசா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சிரிப்பும் கூடவே வந்தது. எதற்கு எது என்று தெரியாமல் நான் பக்கத்தில் நின்றேன்.

"படத்தை அழித்துவிடுவீர்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்கள் ஊரில் பார்த்தவர்கள் எல்லாரும் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்றார்கள்" என்றார். "இங்கே ஒருவர் வீட்டுக்குப் போய்க் குளித்திருக்கிறார். இதை நான் எப்படி அழிப்பேன்?"