தோளில் கோடு இல்லாத வெள்ளைச் சேட்டு

இந்த மலரைக் கையில் வாங்கியதும் அட்டையில் உள்ள படத்தைத்தான் முதலில் பார்த்திருப்பீர்கள். நினைவு மலர்களில் வழக்கமாக வருவதுபோல அப்பா கோட்டும் கழுத்தில் ரையும் அணிந்திருக்கவில்லை. வேட்டி சால்வையிலும் இல்லை. விமானிகள் அணிவதைப் போன்ற, தோள்பட்டி வைத்த வெள்ளைச் சேட்டில் இருக்கிறார். அவர் விமானி அல்லர், திருகோணமலை நகரில் ஓட்டோ ஓட்டியவர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படத்தை ஏன் வைத்தோம் என்று சொல்லாமல் அப்பாவைப் பற்றி எழுத எனக்கு வழி தெரியவில்லை.

அப்பா சம்பூரில் பிறந்தவர். வயலுக்கும் கடலுக்கும் ஆள் தேவைப்பட்டதால் சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மாவும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன். அந்தப் பெருமையில் பெரும் பங்கு அப்பாவுடையது.

போரில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, உடுத்திருந்த சாரத்தோடு என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகாமில் கொடுத்த பழைய உடுப்புப் பொதியில் அவருக்குக் கிடைத்தது அந்த வெள்ளைச் சேட்டு. எந்த நாட்டு விமானி போட்டுக் கழித்ததோ தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போனார். முன்பு சாரத்தோடு போனபோது நிற்கவைத்தே பேசிய அலுவலர், அன்று "இருங்கோ ஐயா" என்று கதிரையைக் காட்டினாராம்.

"ஊரை விட்டு வந்த பிறகு அண்டைக்குத்தான் ஒருத்தர் எனக்குக் கதிரை தந்தவர்," என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஆனால் சீருடையின் சாயல் உள்ள எதையும் அணியப் பயந்த காலம் அது. ஒரு சோதனைச் சாவடியில் அந்தத் தோள்பட்டிகளைத் தொட்டுத் தொட்டு நெடுநேரம் விசாரித்தார்கள். அப்பா திரும்பி வந்ததும் அம்மா சவர பிளேட்டால் இரண்டையும் வெட்டியெடுத்து ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு மூடினார். "சேட்டு எப்படியும் போகட்டும். எனக்கு ஆள் வேணும்," என்றார்.

சண்டை முடிந்து, நாங்கள் திருகோணமலை நகரின் ஓர்ஸ் ஹில்லில் வாடகை வீட்டில் இருந்தபோது அப்பா ஓட்டோ எடுத்தார். அந்த வாரமே அம்மா ரின்னைத் திறந்து பட்டிகளைத் திரும்பவும் தைத்துக் கொடுத்தார். முதற் சேட்டு நைந்த பிறகும், தைக்கிற ஒவ்வொரு புதுச் சேட்டுக்கும் அதே பட்டிகள் மாறி மாறி வந்தன. படத்தில் சேட்டை விடப் பட்டிகள் சற்று மங்கலாகத் தெரிவது அதனால்தான்.

சீனக்குடா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும்போது, வாசலில் நின்று உண்மையான விமானிகளைக் கவனிப்பார். சேட்டுப் பை துருத்திக்கொண்டு நிற்கும்படி எதையும் திணிக்க மாட்டார்கள், சப்பாத்தில் தூசி இருக்காது என்று வீட்டில் வந்து சொல்வார். தானும் அப்படியே இருந்தார். கறுப்புக் கண்ணாடியில் மட்டும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. யாரோடும் பேசுமுன் அதைக் கழற்றிவிடுவார். "கதைக்கிற ஆளுக்கு எங்கட கண் தெரிய வேணும்," என்பார். நான் படித்த காலம் முழுவதும் என் வெள்ளைச் சீருடையையும் தன் சேட்டையும் ஒரே மேசையில் வைத்து அவரே அயன் பண்ணினார். முதலில் என்னுடையது.

பெரியப்பா வரும்போதெல்லாம் வாசல் படலையிலேயே தொடங்குவார். "என்னடா தம்பி, பிளேனை எங்க விட்டிட்டு வந்தனீ?"

"கழுவக் குடுத்திருக்கிறன் அண்ணை. ஓட்டோ வெளியால நிக்குது, ஏறுங்கோ, வீட்டில இறக்கிவிடுறன்."

ஒருமுறை ஓட்டோத் தரிப்பிடத்துச் சகோதரர்கள் பள்ளிக்கூட நாடகங்களுக்கு உடுப்பு விற்கும் கடையில் நான்கு பொன்கோடு போட்ட தோள் உறைகளை வாங்கி வந்தார்கள்.

"அண்ணை, இதையும் மாட்டினா முழு விமானி!"

"ஏலாது தம்பிமார். சேட்டு ஆரும் போடலாம். இந்தக் கோடு படிச்சு, பறந்து எடுக்கிறது. நான் எடுக்கேல்ல."

அவர்கள் மனம் நோகாமல் அப்பா சிரித்துக்கொண்டே உறைகளை வாங்கி, அயல்வீட்டுப் பிள்ளையின் நாடகத்துக்குக் கொடுத்துவிட்டார். என் பட்டமளிப்பு அன்று என் தோளில் கிடந்த சால்வையைத் தொட்டுப் பார்த்து, "இது நீ எடுத்தது," என்று மட்டும் சொன்னார்.

சிறுநீரகம் பழுதாகி அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போன காலத்திலும் அயன் பண்ணிய சேட்டில்தான் போனார். "ஐயா எந்த பிளேன் ஓட்டினீங்கள்?" என்று ஒரு தாதி கேட்டபோது, "மூண்டு சில்லுப் பிளேன், பிள்ளை," என்றார். அந்த வார்டே சிரித்தது. சில நாட்களில் அமைதியாக எங்களை விட்டுப் போனார்.

இந்த மலருக்கு அப்பாவின் படத்தைத் தயாராக்கப் பெரியப்பாவும் நானும் ஸ்டூடியோவுக்குப் போனோம். நாங்கள் நானா என்று கூப்பிடும் ஸ்டூடியோக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம், அப்பாவின் நெடுநாள் நண்பர்.

"மகள், கோட் போட்டு எடுக்கவா, வேட்டி சால்வையா? ரெண்டும் கம்பியூட்டர்ல இருக்கு, முகத்தை வெச்சா சரி."

"கோட் போடுங்கோ," என்றார் பெரியப்பா. "நாலு சனம் பாக்கிற புத்தகம். அதிலயும் விமானி வேஷம் வேண்டாம்."

"அது வேஷமில்லை, பெரியப்பா. கோட்தான் வேஷம். அப்பா ஒருநாளும் கோட் போட்டதில்லை," என்றேன்.

பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானா அப்பாவின் சேட்டுப் படத்தைத் திறந்து ஏதோ செய்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பியபோது அப்பாவின் இரு தோள்களிலும் நான்கு பொன்கோடுகள் மின்னின.

"என்ட சந்தோசத்துக்குப் போட்டன் மகள்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பெரியப்பா எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். ஆயுள் முழுக்கத் தம்பியைப் பகிடி பண்ணியவர் அந்தக் கோடுகளை விரலால் தடவினார். "வடிவாத்தானே இருக்கு. இப்பவாவது வைச்சிட்டுப் போகட்டுமே, பிள்ளை. இனி ஆர் கேக்கப்போறான்?"

"அப்பா கேப்பார், பெரியப்பா."

பெரியப்பா திரையிலிருந்து கையை எடுத்தார். பிறகு நானாவின் பக்கம் திரும்பி, "அழிச்சுவிடுங்கோ," என்றார். "கோட்டும் வேண்டாம். தம்பி இப்பிடியே இருக்கட்டும்."

அப்பாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், துயர வீட்டில் குசினியையும் சமையலையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட அயலவர்க்கும், சம்பூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வந்து கிரியைகளில் உடனிருந்த உறவினர்க்கும், அயன் பண்ணிய வெள்ளைச் சேட்டுகளில் வரிசையாக வந்து அப்பாவை வழியனுப்பிய ஓட்டோத் தரிப்பிடத்துச் சகோதரர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அப்பாவின் தோளில் கோடுகளைப் போட்டதற்கும், பிறகு அவற்றை அழித்ததற்கும் சேர்த்து நானாவுக்கும் நன்றி.

— மகள்