பம்ப் ஆறும் வரை

சீவரத்தினம் சுன்னாகத்தில் இரும்பு ஒட்டும் பட்டறை வைத்திருந்த காலத்தில், உடைந்ததுகள் எல்லாம் அவரைத் தேடி வந்தன. ஒட்டி, ஆறுவதற்குச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கலாம். எழுபத்திரண்டாம் ஆண்டில், மூலையில் அசையாமல் நின்ற, காஸ் எடுக்கும் பெரிய காபைட் டிரம்முக்குப் பதிலாகச் சின்னதாக ஒன்றைத் தானே அடித்து, ஒட்சிசன் சிலிண்டரோடு தள்ளுவண்டியில் ஏற்றினார். அதோடு நிம்மதி போனது. நெருப்பு ஊர் ஊராகப் போகத் தொடங்கியது, பின்னால் அவரும்.

அன்று முத்துக்குமாருவின் வெங்காயத் தோட்டம். கிணற்றுக்கட்டில் இருந்த பம்பின் வார்ப்பிரும்பு உடல் வெடித்திருந்தது. ஆணிகள் துருவேறி இறுகியதால் கழற்ற வழியில்லை. இருந்த இடத்திலேயே சூடாக்கி ஒட்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது. மேலே ஒரு கடகம் சாம்பலைக் கொட்டி, சாக்கால் மூடிவிட்டுப் பக்கத்தில் குந்தினார். வார்ப்பிரும்பு மெல்ல ஆறவேண்டும். அவசரப்பட்டால் மறுபடி வெடிக்கும். போன மாதம் அரியாலையில் ஒருவர், இவர் தலை மறைந்ததும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி ஆற்றிவிட்டு, “உவன்ரை ஒட்டு சரியில்லை” என்று ஊரெல்லாம் கதைத்தார். அன்றிலிருந்து இந்தக் காவல்.

நாலு மணிக்கு முத்துக்குமாரு வந்தார்.

“அண்ணை, சாக்கை எடுப்பமோ?”

“விடிய எடு.”

“இது பங்குக் கிணறு. விடிஞ்சா ஆழ்வாப்பிள்ளையின்ரை முறை. பிறகு எனக்கு நாலு நாளைக்குத் தண்ணி இல்லை. வெங்காயம் செத்துப்போம்.”

“இப்ப எடுத்தா பம்பும் செத்துப்போம். ஒட்சிசனும் முடிஞ்சுது. கொழும்பாலை எப்ப வருமோ தெரியாது.”

“பிள்ளை பெத்தவளுக்கே இவ்வளவு காவல் இல்லை” என்றாள் முத்துக்குமாருவின் மனைவி பூரணம்.

சீவரத்தினம் சாக்கின் மேல் கையை வைத்துப் பார்த்தார். இன்னும் கொதித்தது.

முத்துக்குமாரு முகத்தைத் தூக்கிக்கொண்டு போய், பம்ப் வாங்கிய பிறகு தொடாத ஏற்றத்தில், அந்தப் பழைய துலாவில், வாளியைக் கட்டினார்.

“இறைக்க நான் இருக்கிறன். பாத்திக்குத் தண்ணி கட்ட இவள். துலா மிதிக்க ஆர்?”

சீவரத்தினத்துக்குக் காலையிலிருந்தே முழங்கால் நொந்தது. ஆரையாவது கூப்பிடச் சொல்லலாம். ஆனால் ஆள் தேடிக் கிடைக்காமல் திரும்பி வருகிற கோபத்தில், இந்த மனிசன் சாக்கை இழுத்தாலும் இழுப்பார்.

“சாக்கிலை ஒருத்தரும் கைவைக்கப்படாது.”

“வைக்கமாட்டன் அண்ணை.”

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துலாவில் ஏறினார். மேலிருந்து பார்க்கச் சாக்கு நன்றாகத் தெரிந்தது. துலா மரத்தில் முன்னே நடந்தார், வாளி இறங்கியது; திரும்பி நடந்தார், வாளி ஏறியது; மறுபடி நடந்தார். முதல் பாத்திக்குள் தண்ணீர் இறங்கியது.

“எத்தினை பாத்தி, பிள்ளை?” என்று கேட்டார்.

“அதை மட்டும் கேளாதேங்கோ” என்றாள் பூரணம்.