ஏவுதளத்து வாசலில் ஓர் ஒப்புகை

விண்ணப்பம் எதுவானாலும் பதினைந்து நாளுக்குள் பதில் போக வேண்டும். முடியாவிட்டால் இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். ஆவடியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இந்த விதியைப் பிறருக்கு எடுத்துச் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பார்க்க, பெரியவர் ஒருவர், சிறுவர் இருவர் என்று அனுமதி கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பி நாற்பது நாள் ஆகியிருந்தது. பதில் இல்லை. ராக்கெட் தபாலுக்காகக் காத்திருக்காது என்பதால் கிளம்பினோம்.

சிறுவர்கள் என் பேரப்பிள்ளைகள் அல்லர். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஃபிட்டரின் பிள்ளைகள். செல்வி ஆறாம் வகுப்பு, பாபு இரண்டாம் வகுப்பு. பிள்ளையில்லாத எங்கள் வீட்டு வாசலில், ஐந்து வருடமாக, பள்ளி விட்டதும் அவர்கள் செருப்புகள் கிடக்கும். இப்போது அப்பாவுக்கு ஜபல்பூருக்கு மாற்றல். சனிக்கிழமை ரயில். நாங்கள் கிளம்பியது வியாழன். அவர்கள் ராக்கெட்டைப் பார்க்கும்போது பக்கத்தில் நான் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

காலை 5.40. டாக்ஸி ஓட்டும் தாசின் அம்பாசடர், போக வர அறுநூற்றைம்பது ரூபாய். "கையில கடுதாசி இல்லாம நீ கெளம்பி நான் பாத்ததே இல்ல சார்," என்றான் தாசு. விண்ணப்பத்தின் நகலைக் காட்டினேன். "அதான பாத்தேன்!" என்று வண்டியைக் கிளப்பினான்.

6.15க்குச் செங்குன்றம். 7.20க்குக் கும்மிடிப்பூண்டியில் இட்லி. எல்லையில் தாசின் ஆந்திர பெர்மிட்டை நானே ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் நீட்டவிட்டேன். 8.50க்குச் சூலூர்ப்பேட்டை, மீட்டரில் எண்பத்தொரு கிலோமீட்டர். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பழவேற்காடு ஏரி. அதன் குறுக்கே தீவுக்குப் போகும் சாலையின் முகப்பில் ஒரு தடுப்புக் கம்பம், ஒரு தகரக் கொட்டகை. கரையெங்கும் கூட்டம்; பஸ் கூரை மீதெல்லாம் ஆட்கள். தூரத்துத் தண்ணீரில் பூநாரைகள் எங்களுக்கெல்லாம் முதுகு காட்டி மேய்ந்துகொண்டிருந்தன.

கொட்டகையில் இருந்த எழுத்தர் என் நகலை இருமுறை படித்தார். "பாஸ் லேது. எப்படி விடறது சார்?"

நியாயம்தான். ஆனால் மறுப்பை எழுத்தில் வாங்காமல் நான் எந்த மேசையிலிருந்தும் எழுந்ததில்லை. வந்தோம், மறுக்கப்பட்டோம் என்று நேரம் குறித்து முத்திரை போட்டுத் தரும்படி கேட்டேன்.

தாசு வாசலில் வந்து நின்றான். "வுடு சார். இங்கருந்தே ஜம்முனு தெரியும். பசங்கள பானெட் மேல குந்த வச்சிகீறேன். வா."

"எழுதி வாங்கலன்னா நாம வரவே இல்லன்னு ஆயிடும் தாசு."

"யாரு சார் கேக்கப் போறா?"

"தாத்தா, உனக்கு எடம் புடிச்சிட்டேன்!" என்று கத்தினான் பாபு. தனக்கும் அக்காவுக்கும் நடுவில் தன் செருப்புகளைக் கழற்றி வைத்திருந்தான்.

இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. முத்திரைக்கு ஐந்து நிமிடம் போதும் என்பது என் கணக்கு. எழுத்தர் நல்ல மனிதர். பேரேட்டில் அழகாகக் கோடு போட்டு எழுதினார். முத்திரை மை காய்ந்திருந்தது. தண்ணீர் தெளித்தார். வெளியே கூட்டம் கூச்சலிட்டது. காலையிலிருந்து ஹெலிகாப்டருக்கும் அப்படித்தான் கூச்சலிட்டார்கள் என்பதால் நான் திரும்பவில்லை. தாசு ஹாரன் அடித்தான். முத்திரை மங்கலாக விழுந்தது. இன்னொரு முறை போடச் சொன்னேன்.

அப்போதுதான் ஓசை வந்து சேர்ந்தது. தகரக் கூரை அதிர்ந்தது.

காகிதத்தோடு வெளியே ஓடினேன். வானத்தில் வெள்ளைக் கோடு ஒன்று காற்றில் நெளிந்துகொண்டிருந்தது. பானெட்டின் மேல் செருப்புகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

"எங்க போன நீ? எவ்ளோ கத்துனோம்!" பாபுவுக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும் வழியில் செல்வி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். "மொதல்ல சத்தமே இல்ல தாத்தா. ஆரஞ்சு கலர்ல ஒரு வெளிச்சம், மெதுவா, யாரோ கையால தூக்குற மாதிரி..." செங்குன்றம் வருவதற்குள் தூங்கிப்போனாள். மிச்சத்தை நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை சென்ட்ரலில் வண்டி ஏற்றிவிட்டு வந்தோம். மாடிக்கு வேறு ஆள் வைக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஏவுதளத்திலிருந்து உறை வந்தது: மூவருக்கும் அனுமதி, அந்த வியாழனுக்கே. மறுப்புக்கு முத்திரையும் அனுமதிக்குச் சீட்டும் ஒரே நாளுக்கு வைத்திருப்பவன் அநேகமாக நான் ஒருவன்தான். சீட்டை ஜபல்பூருக்கு அனுப்பி, செல்வி தூங்கிப்போன இடத்திலிருந்து மீதியை எழுதும்படி கேட்டேன். பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். அதற்கும் இல்லை.

பிறகு ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. மூன்று பக்கமும் செல்வியின் கையெழுத்து. வெளிச்சம் மேகத்துக்குள் நுழைந்து மறுபடி வெளியே வந்தது வரை எழுதியிருந்தாள். ஓரத்தில் பாபு: "அடுத்த வாட்டி நீ உள்ள போவாத."

வழக்கப்படி மேல் மூலையில் குறித்தேன். பெறப்பட்டது: ஜூன் 11.