புதன்கிழமைக்காரி

எங்கள் அண்ணியை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புதன்கிழமைக்காரி என்றுதான் சொல்வார்கள். தீவிலிருந்து அக்கரைக்கு வாரத்துக்கு ஒரு படகு, அது புதன்கிழமை. காலை எட்டு மணிக்குக் கிளம்பிப் பத்துக்குப் போய்ச் சேரும். மதியம் இரண்டரைக்குத் திரும்பிவிடும். அதற்குமேல் காற்று எழும்பி அலை கூடிவிடும் என்பதால், பெற்ற தாய் வரவில்லை என்றாலும் படகுக்காரர் காத்திருக்கமாட்டார். அந்த நாலரை மணி நேரத்துக்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் வேண்டியதை வாங்கி வருவது அண்ணியின் வேலை. யாரும் அவளை நியமிக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் யாருக்கோ ஒரு சிம்னி விளக்குக் கண்ணாடி வாங்கி வந்தாள். அடுத்த வாரம் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு எல்லாரும் சேர்ந்து அவள் தலையில் கட்டிவிட்டோம்.

செருப்பு வேண்டுமென்றால் காலைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து கொடுக்க வேண்டும். இடுப்பளவுக்கு ஒரு நூல், அதில் முடிச்சு. குழாய் மூடி உடைந்தால் உடைந்ததையே கொடுத்தனுப்ப வேண்டும். கால் வரைந்த காகிதங்களை அண்ணி ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறாள். யாருடைய சுண்டுவிரல் வெளியே தள்ளியிருக்கும், யாருக்கு இடதுகால் வலதுகாலைவிடப் பெரிது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இத்தனை வருஷத்தில் ஒரு செருப்புகூட அளவு தப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கும்தான் என் தையலில் இருக்கிறது.

நான் தையல்காரி. அண்ணி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நாத்தனார் என்றால் அண்ணியின் உயிரை எடுக்க வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. நான் நூலை வைத்து எடுத்தேன். "இந்த நீலம் இல்ல அண்ணி, இதுக்கு அடுத்த நீலம்" என்று துணியின் ஓரத்தை வெட்டிக் கொடுத்தனுப்புவேன். அவள் மூன்று கடை ஏறி இறங்கிக் கொண்டுவருவாள். வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு நான் உதட்டைப் பிதுக்குவேன். "உன் கண்ணுல என்ன பூதக்கண்ணாடியா வச்சிருக்க?" என்பாள். அடுத்த வாரம் மறுபடி போவாள்.

அவளுக்கு ஒரே பெண். சேட்டை தாங்காமல் நாங்கள் வைத்த பெயர் வாலு. தீவுப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும் என்பதால் போன வருஷம் அவளை அக்கரையில் விடுதியில் சேர்த்தார்கள். விடுதியில் பெற்றோர் பார்க்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஏது படகு? வார்டன் அம்மாள் இரக்கப்பட்டு, புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். முதல் மாதம் முக்கால் மணி நேரமாகத்தான் இருந்தது. பிறகு மருந்துக்கடையில் கூட்டம், பாத்திரக்கடையில் தாமதம் என்று அரை மணியானது, கால் மணியானது. அண்ணி இரண்டு கையிலும் பையோடு ஓடிப்போய், விடுதி கேட்டருகே நின்று பெண்ணின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஓடிவருவாள். இதையெல்லாம் அவளே சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் கேட்டோம், எங்கள் வாயில் மண்ணைப் போட.

திடீரென்று வாலு கேட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு புதன்கிழமை வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. வாட்ச்மேன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "படிக்க நிறைய இருக்குதாம்" என்றாராம். அண்ணி வறுத்துக் கொண்டுபோன கடலைப் பொட்டலம் போன மாதிரியே திரும்பி வந்தது. அன்றைக்கு அவள் வீடு வீடாகப் போய்ச் சாமான் கொடுத்ததில் குறை ஒன்றும் இல்லை. முகம்தான் வெளுத்திருந்தது.

"கோவம்டி அவளுக்கு. ஊருக்கெல்லாம் நேரம் இருக்கு, எனக்கு இல்லைன்னு நெனச்சிருப்பா. இனிமே என்கிட்ட ஒட்டமாட்டா" என்றாள்.

"சின்னப் பொண்ணு அண்ணி. ரெண்டு நாள்ல மறந்துடும்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. வாலுவின் பிடிவாதம் எங்கள் வீட்டுப் பிடிவாதம், எனக்குத் தெரியாதா?

அந்த வாரமே கிணற்றடியில் வழுக்கி அண்ணிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. புதன்கிழமை அவளுக்குப் பதில் நான் போனேன். இதென்ன பெரிய வித்தை என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டுதான் கிளம்பினேன். பதினொன்றரைக்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. சீட்டு பன்னிரண்டு, கடை பன்னிரண்டு திசையில். வாளி கேட்ட வீட்டுக்கு மூடி வாங்கினேன், மூடி கேட்ட வீட்டை மறந்தே போனேன். விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. வாலு வெளியே வரமாட்டாள் என்றார் வாட்ச்மேன். நான் அண்ணி இல்லையே. "அவளை நான் போய்ப் பார்த்துக்கறேன்" என்று அவரைத் தாண்டி உள்ளே நடந்தேன்.

வராந்தா முனையில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்தாள். ஓட முடியவில்லை, நொண்டினாள். பிடித்து உட்காரவைத்துக் கறுப்பு ஷூவைக் கழற்றினேன். இரண்டு குதிகாலும் தோல் உரிந்து சீழ் வைத்திருந்தது. கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லலையாடி?"

"அம்மா வாங்கினது அத்தை."

"அதனால?"

"அம்மா அளவு தப்பாதுன்னு ஊரே சொல்லுது. எனக்கு மட்டும் தப்பிடுச்சுன்னு தெரிஞ்சா எல்லாரும் சிரிப்பாங்கல்ல? நடந்து வந்தா அம்மா கண்டுபிடிச்சுடுவாங்க. அதான் போகல."

பள்ளிக்கூடத்தில் கறுப்பு ஷூ வேண்டும் என்று சொன்னபோது அண்ணி தன் டப்பாவைத் திறந்து, வாலு தீவில் இருந்தபோது வரைந்த காலைக் காட்டி வாங்கியிருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வரைகிறவள், பெற்ற பெண்ணின் காலைப் பார்க்க நேரமில்லாமல் பழைய காகிதத்தை எடுத்துப் போயிருக்கிறாள். அந்த ஷூ வாங்கிய புதன்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் அவள் எனக்காக நூல் கடைக்கு மூன்று தடவை நடந்தாள். நான் தூக்குப்போட்டுக்கொள்ளவில்லை, நல்ல சாப்பாடு சாப்பிட்டுத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். ஆனால் அன்று அந்த வராந்தாவில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பி வந்து அண்ணியிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தேன். கட்டுப்போட்ட காலை நீட்டியபடி, "கோவம் இல்லையா அவளுக்கு?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். இன்னொரு தடவையும் அதையே கேட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

அடுத்த புதன்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். பன்னிரண்டு சீட்டையும் படகிலேயே அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். "மருந்துக்கடைக்கு முதல்ல போ, ஒரு மணிக்கு மூடிடுவான்" என்று ஆரம்பித்தாள். "நீங்க வாய மூடிக்கிட்டுப் போங்க" என்றேன். வெறுங்கையோடு அவள் கரையில் நொண்டி நடந்ததைப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது. எதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவள் மாதிரி கையைப் பின்னால் கட்டினாள், பிறகு முன்னால் கட்டினாள்.

இரண்டேகாலுக்கு நான் சாமான்களோடு படகில் இருந்தேன். இந்தத் தடவை மூடியை மறக்கவில்லை. அண்ணியைக் காணவில்லை. இரண்டு இருபத்தைந்து ஆயிற்று. படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். நான் ஒரு காலைப் படித்துறையில் வைத்துக்கொண்டு, "அவிழ்த்தீங்கன்னா நான் தண்ணிக்குள்ள" என்று மிரட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் விடுதி வாட்ச்மேன் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார்.

"உங்க அண்ணி வரலையாம், அம்மா. பொண்ணு காலுக்கு மருந்து போட்டதும் அம்மா மடியில படுத்துத் தூங்கிடுச்சு. மத்தியானம் வகுப்பு வேணாம்னு வார்டனம்மா விட்டுட்டாங்க. எழுப்ப மனசு வரலைன்னு சொல்லிட்டாங்க. உங்களைப் போகச் சொன்னாங்க."

"அடுத்த புதன் வரைக்கும் எங்க தங்குவாங்க?"

"அவங்களுக்குப் பழக்கமான நூல் கடை அம்மா வீட்லயாம். ஞாயித்துக்கிழமை நாள் முழுக்கப் பார்க்கலாம்ல."

நான் காலை எடுத்துப் படகுக்குள் வைத்தேன். பாதிக் கடல் வரைக்கும் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், சந்தோஷத்தில்தான் அழுதேன். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. படகுக்காரர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

தீவுத் துறையில் அண்ணன் நின்றிருந்தான். அவன் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன். எஞ்சினோடு பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேசமாட்டான். பையை வாங்கிக்கொண்டே என் பின்னால் எட்டிப் பார்த்தான். நடந்ததைச் சொன்னேன். வாரம் முழுக்கச் சமைக்க ஆள் இல்லை என்று முகம் சுளிப்பானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், என் புத்தி அப்படி.



"வாயத் திறந்துக்கிட்டுத்தான் தூங்கியிருப்பா" என்றான்.

பிறகு எல்லாப் பைகளையும் அவனே தூக்கிக்கொண்டான். அன்றைக்குப் பன்னிரண்டு வீட்டுக்கும் சாமான் கொடுத்தது அண்ணன்தான். அவன் கொடுத்து முடித்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. என்னடா இவ்வளவு நேரம் என்று எதிர்வீட்டில் விசாரித்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, யாரும் கேட்காமலே, பொண்ணு அம்மா மடியில் தூங்கிவிட்டாள் என்று முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தானாம்.