தொட்டாச்சிணுங்கிக்கு உறைக்காத வாரம்

என் தங்கைக்குப் பார்லரில் தொட்டாச்சிணுங்கி என்று பெயர். வைத்தவள் அந்த முதலாளியம்மா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

முடி வெட்டுவதில் தங்கையைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் எதிரே கண்ணாடி இருக்கிறதே, அதுதான் வினை. உட்கார்ந்திருக்கும் பெண் லேசாக முகம் சுளித்தால் போதும், இவளுக்கு உயிரே போய்விடும். அந்தப் பெண்ணுக்குப் பல்வலியாக இருக்கலாம், மூக்கு அரிக்கலாம், யார் கண்டது? இவள் கழிப்பறையில் போய் அழுவாள். மறுநாள் வேலையையே விட்டுவிடுவாள்; இப்படியே பல பார்லர் மாறியாயிற்று. "அவங்க போகச் சொல்றதுக்குள்ள நானே வந்துட்டேங்க்கா" என்பாள். கட்டிக்கொள்ள இருந்தவனையும் அப்படித்தான் உதறினாள். அவன் ஒரு நாள் போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பொறுக்கமாட்டாமல் டாக்டரிடம் இழுத்துப் போனேன். சின்ன வயதிலிருந்தே இவளுக்கு ஏடிஹெச்டி உண்டு; கவனம் நிலைக்காத அந்தக் கோளாறோடு, ஒதுக்கிவிடுவார்களோ என்று துடிக்கிற இந்த வலியும் சிலருக்கு ஒட்டிக்கொண்டு வரும் என்றார்.

"யாராவது ஒதுக்குற மாதிரி தோணினா உடனே ஓடாதீங்க. மூச்சை இழுத்து விட்டுட்டு, இது என் மனசு சொல்ற பொய்னு சொல்லிக்குங்க. சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருங்க."

"இந்த ஒரு இடத்துலயாவது நிலைச்சு நிக்கணும்க்கா" என்றாள். பாவிப்பெண், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அந்த வாரம் வந்தது. இவள் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. இவளுக்கென்றே வருகிறவர்களை வேறு நாற்காலிக்கு அனுப்பினார்கள். "எல்லாம் என் மனசுதாங்க்கா" என்று சிரித்தாள். "ஆமாடி, உனக்கு வேற வேலையில்ல" என்றேன் நானும்.

சனிக்கிழமை இவள் போனால், தன் இடத்தில் முதலாளியம்மாவின் அண்ணன் மகள் கத்தரிக்கோலோடு நிற்கிறாள்.

"என்னடி முழிக்கிற? வாரம் பூரா கிளம்புனு சாடைமாடையா காட்டியாச்சு. தொட்டாச்சிணுங்கிக்கே உறைக்கலைன்னா நான் என்ன பண்றது?" என்றாளாம் முதலாளியம்மா.

கடை மொத்தமும் சிரித்தது. ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தவள்கூடச் சிரித்தாளாம். இவள் மூச்சை இழுத்து விட்டாள். பொய், பொய் என்று முணுமுணுத்தபடி, தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்திருக்கிறாள். நாசமாய்ப் போகட்டும் அந்தக் கடை.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. "இது பொய் இல்லக்கா. அப்போ இத்தனை வருஷமா எனக்குத் தோணினது எல்லாமே நிஜந்தானே?"

பழைய கடைக்காரர்கள், கட்டிக்கொள்ள இருந்தவன் என்று ஒவ்வொருத்தராகச் சொல்லி, அவங்களும் என்னை ஒதுக்கினாங்கதானே என்று கேட்டாள். கடைசியில், "நீயும் என்னைச் சகிச்சுக்கிட்டுதான் இருக்கியா?" என்றாள்.

"இல்லடி" என்றேன். அவள் நம்பவில்லை.