மேல்காற்று அடித்த நாளில் எஸ்தர் அக்கா கேட்டது

அன்று வேலை முடிவதற்கு முன்பே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வெயில் இன்னும் தாழவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, செருப்பை எங்கோ விட்டுவிட்டு, சுடுகிற மண்ணில் மெதுவாக நடந்து வந்தாள். வாசலில் நின்று, "எஸ்தரு பூட்டாடி," என்றாள். "மயக்கம் போட்டு வியுந்தா. லாரில ஏத்திக்கினு கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. பாதி வழிலயே உசுரு பூடுச்சாம்." பிறகு உள்ளே வந்து பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டாள். குடிக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எஸ்தர் அக்காவைப் பற்றி நாலு வார்த்தை வாசிக்க வேண்டும் என்று சொல்லி, ஒன்பதாவது படிக்கிற என்னை எழுதச் சொன்னார் உபதேசியார். அப்பாவும் சரி என்றார். "நல்ல பொண்ணு, நல்லா பாட்டு பாடும், கர்த்தர்கிட்ட பூடுச்சு. அவ்ளோ எழுதினா போதும்," என்றார். அப்படியே எழுதி அவரிடம் காட்டிவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது எஸ்தர் அக்கா இல்லை. அதனால் அப்பா தூங்கிய பிறகு இதை வேறு தாளில் எழுதுகிறேன். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. எழுத்து கோணலாக வருகிறது.

உங்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியும். பழைய இரும்பு பிரிக்கிற தகரக் கொட்டகையில் அவளோடு வரிசையாக உட்கார்ந்து வேலை செய்தவர்கள் நீங்கள். என் அம்மாவும் அந்த வரிசையில் ஒருத்தி. அங்கே மேஸ்திரி என் அப்பா.

அக்கா, கடலுக்குத் தூரமாய் மேற்கே இருக்கிற செவ்வாப்பேட்டையிலிருந்து தாவீது அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நம் ஊருக்கு வந்தவள். வந்த புதிதில் நம் ஊர் வெயிலைப் பற்றி அவள் சண்டை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "எங்க ஊர்ல வெயில் சுடும். உங்க ஊர்ல வெயில் ஒட்டும்," என்பாள். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, துவைத்த துணி காயவே மாட்டேன் என்கிறது, உப்புக்கூட சட்டியில் தண்ணீர் விடுகிறது என்று தினம் ஒரு குறை சொல்வாள். அம்மா அவளிடம், "அப்போ உங்க ஊருக்கே போயேன், இன்னாத்துக்கு எங்க தாவீதைக் கட்டிக்கின?" என்று கேட்பாள். "கட்டிக்கினப்புறம்தானே இங்க இட்டாந்தாரு. முன்னாடியே ஒரு வாட்டி காட்டியிருந்தா யோசிச்சிருப்பேன்," என்று அக்கா பதில் சொல்வாள். தாவீது அண்ணன் பக்கத்தில் இருந்தாலும் சொல்வாள். அவரும் சிரிப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் நம் ஊரைக் குறை சொன்னதே இல்லை. அது கடல் காற்று. செவ்வாப்பேட்டையில் அது விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருமாம். சில நாள் வராமலே போகுமாம். இங்கே உச்சிப்பொழுது சாய்ந்ததுமே கிழக்கே கடலோரத்து ஏரிப் பக்கமிருந்து வந்துவிடுகிறது. முதல் தடவை அது வந்தபோது அக்கா வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாளாம். காக்கை ஓட்டுகிற பொம்மை என்று நீங்கள் பேர் வைத்தீர்களாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் காற்றை வைத்துத்தான் அக்கா உங்களுக்கு ஓர் ஏற்பாடு வாங்கிக் கொடுத்தாள். முன்பெல்லாம் மணி அடித்ததும் சோற்று வேளை விடுவார்கள். அப்போது தகரம் நன்றாகக் காய்ந்திருக்கும். நிழல் என்று உட்கார்ந்தால் ஆவியில் வைத்த இட்லி மாதிரி வெந்துபோவீர்கள். எழுந்து மறுபடி வேலையில் குனிந்த பிறகு காற்று வரும். அக்கா என் அப்பாவிடம் போய், "அண்ணே, மணியை வுட்டுடு. நாங்க சேர்த்து வேலை செய்யறோம். காத்து வந்ததும் உக்காந்துக்கறோம். உனுக்கும் வேலை ஆவும், எங்குளுக்கும் உடம்பு ஆறும்," என்றாள். அப்பா யோசித்தார். "காத்து வந்துச்சின்னு யார் சொல்றது? நீ சொன்னா நான் நம்பணுமா?" என்று கேட்டார். "தகரம் சொல்லும்ணே. நீயே கேட்டுக்கோ," என்றாள் அக்கா. அன்றிலிருந்து அப்படித்தான். கிழக்குப் பக்கத்துத் தகரம் கடகடவென்று ஆடும். ஏரிச் சேற்று வாசனை வரும். அப்பா கையைத் தூக்குவார். நீங்கள் சோற்றுத் தூக்கோடு கிழக்கு வாசலுக்குப் போவீர்கள். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள்கூட இதைப் பார்த்துவிட்டு அவர்கள் மேஸ்திரியிடம் கேட்டார்கள். அக்காவுக்கு அதில் பெருமை உண்டு.

மார்கழியில் அவள் வேறு ஆள். செவ்வாப்பேட்டைக் குளிர் இதைவிட அதிகம் என்று பீற்றிக்கொள்வாள். ஆனால் விடியற்காலையில் தாவீது அண்ணனின் கம்பளித் துண்டைத் தலையோடு சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய வருவாள். "துரைசாணி வராங்க, வழி வுடுங்க," என்று அம்மா சொல்வாள். புயல் மழை வந்த வருஷம் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அவள்தான் என் புத்தகங்களை எல்லாம் அந்தத் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு போனாள். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு தாள்கூட நனைந்திருக்கவில்லை. அவள் நனைந்திருந்தாள்.

இனி அந்த நாளைச் சொல்லியாக வேண்டும்.

கத்திரி வெயில் காலம் நடந்துகொண்டிருந்தது. முந்தின இரவே காற்று திரும்பி மேல்காற்றாகிவிட்டது. படுத்திருந்தபோது மேற்கேயிருந்து வயல் புழுதி வாசனை வந்தது. காலையில் எழுந்தபோது உதடு வெடித்திருந்தது. நான் துவைத்துப் போட்ட பாவாடை, அடுத்ததைப் பிழிவதற்குள் காய்ந்துவிட்டது. அக்கா வழக்கம்போல அம்மாவைக் கூட்டிப் போக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா கூழ் கொடுத்தாள். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு குண்டான் கூழை முழுதாகக் குடித்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் குடித்தாள். இதை நான் கண்ணால் பார்த்தேன். "இது எங்க ஊர் காத்து," என்றாள் குடித்தபடியே. "அம்மா ஊட்டுக் காத்து என்னைத் தேடிக்கினு வந்துகீது."

பள்ளிக்கூடம் லீவு என்பதால் அப்பாவுக்கு நான்தான் சோறு கொண்டு போவேன். அன்று நான் போனபோது உச்சி சாய்ந்து வெகு நேரம் ஆகியிருந்தது. தகரம் ஆடவில்லை. கொட்டகைக்கு மேற்கே இரும்பு உருக்குகிற உலை இருக்கிறதே, காற்று அதன் சூட்டையும் சேர்த்து உள்ளே தள்ளியது. ஆனால் யார் முகத்திலும் வேர்வை இல்லை. வந்த வேர்வை வந்த இடத்திலேயே காய்ந்துவிட்டது. கழுத்தில் உப்புப் பூத்திருந்தது. நாம் கடலோரத்து ஜனங்கள். உடம்பு கசகசத்தால்தான் வெயில் என்று நமக்குத் தெரியும். அன்று உங்களில் ஒருவர், "இன்னிக்கு வேர்வையே இல்ல, பரவால்ல," என்று சொன்னதை நான் கேட்டேன். வெளியே பிரித்த இரும்பை ஏற்ற லாரி காத்துக்கொண்டு நின்றது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

எஸ்தர் அக்கா எழுந்து அப்பாவிடம் வந்தாள். அவள் முகம் சிவந்து வறண்டிருந்தது.

"அண்ணே, இன்னிக்கு காத்து வராது. மேல்காத்து அத்த உள்ள வுடாது. நாங்க கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

அப்பா சோற்றுத் தூக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டே சிரித்தார். "நீ போட்ட ஏற்பாடுதானே எஸ்தரு? காத்து வரட்டும், உக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்துவிட்டு, "சரிதாண்ணே, என் வாய்தான் எனுக்கு பேஜாரு," என்று சொல்லித் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். அக்கா கையில் இருந்த இரும்பைக் கீழே வைக்காமலே சாய்ந்தாளாம். தொட்டுத் தூக்கியவர்கள் கை சுட்டதாம்.

அன்று சாயங்காலம் அவளைக் கொண்டுவந்து அவள் வீட்டு வாசலில் கிடத்தினார்கள். நாமெல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இருட்டுகிற நேரத்தில், செவ்வாப்பேட்டையில் வருவது போல, கடல் காற்று வந்தது. பந்தல் கீற்று அசைந்தது. எல்லோர் உடம்பும் அதை வாங்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஆனால் யாரும் அப்பாடா என்று சொல்லவில்லை. சிலர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

மறுநாள் கம்பெனி ஆபீசிலிருந்து கேட்டு வந்தவர்களிடம், "காலைல சாப்பிடாம வந்துடுச்சு, அதான் மயக்கம்," என்று அப்பா சொன்னார். இப்போது ஊரே அதைச் சொல்கிறது. பட்டினியாய் வேலைக்குப் போய் தன்னைத்தானே கெடுத்துக்கொண்டாள் என்கிறார்கள். தாவீது அண்ணனைப் பார்த்து, பெண்டாட்டிக்குச் சோறு போடாதவன் என்றுகூட ஒருவர் பேசினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். நான் அம்மாவிடம், "நம்ம ஊட்லதானே கூழ் குடிச்சாங்க?" என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "உங்க நைனா வேலை பூட்டா நம்ம கதி இன்னாடி?" என்றாள்.

என் அப்பா கெட்டவர் இல்லை. அன்று அவர் கோபத்தில் ஒன்றும் சொல்லவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கொட்டகைக்குப் போகும்போது கிழக்கே பார்த்துவிட்டுத்தான் போகிறார். ஆனால் ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. காற்று வந்தால் உட்காரலாம், வராவிட்டால் இல்லை. கத்திரி இன்னும் முடியவில்லை. இன்றும் பொழுது சாயும்போது மேற்கேயிருந்துதான் அடித்தது. திங்கட்கிழமை நீங்கள் எல்லோரும் அங்கே போவீர்கள். என் அம்மாவும் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்த்த தாளை நான் வாசிக்கப் போவதில்லை. இதைத்தான் வாசிக்கப் போகிறேன். அவர் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கும் என்று தெரியவில்லை. தாவீது அண்ணா, அக்கா பட்டினியாய்ப் போகவில்லை. அவள் வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

அக்காவின் நினைவாக எடுத்து வைத்துக்கொள்ளப் புடவையோ வளையலோ என்னிடம் இல்லை. அவள் ஒரு முறை கேட்டாள். நாம் சிரித்தோம். அவளும் சிரித்து, அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் விட்டுப்போனதை நான் எடுத்துக்கொள்கிறேன். அவளுக்காக இரண்டாவது முறை கேட்கிறேன்.

நைனா, காத்து வராத அன்னிக்கும் அவங்களைக் கொஞ்சம் உக்கார வுடுவியா?