வலது கல்லில் இல்லாத தழை

மணலில் எழுதிப் பழகியதோடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் கம்பம் முதல் பெரியகுளம் வரை என் மட்டக்குதிரைகள் போகாத சந்தை கிடையாது. ஒற்றைக் குதிரையில் தொடங்கியவன் நான். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். வண்டிக்காரர்களெல்லாம் அந்த வேலைக்குப் போய்விட்டார்கள். மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரக் குதிரைதான் கதி. ஆவணியில் மழை சற்று ஓய்ந்ததும், அந்த வருஷத்து முதல் ஏலக்காய் மூட்டை என் குதிரையில்தான் இறங்க வேண்டும் என்று தீர்மானித்தேன். பாதையைப் பார்த்துவர என் கூட்டாளியை அழைத்தேன். என் தங்கைக்குப் பரிசம் போட்டிருந்தவன் அவன். கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது.

சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலுக்குப் போய் எள்விளக்கு போட்டுவிட்டு அடுத்த வாரம் ஏறலாம் என்றான். அதற்குள் வேறொருவன் ஏறிவிடுவான் என்று சொல்லி, நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

தேவாரத்துக்கு மேற்கே பாதை தொடங்கும் இடத்தில் இரண்டு கல் நட்டிருக்கும். தழைச்சாமி என்போம். ஏறுகிறவன் ஒரு தழை ஒடித்து இடது கல்லில் வைப்பான். இறங்கி வந்ததும் வலது கல்லில் ஒன்று வைப்பான். தேன் எடுப்பவரும் மாடு மேய்ப்பவரும்கூட இதைத் தவறவிட மாட்டார்கள். அன்று காலை இடது கல்லில் இரண்டு தழை கிடந்தது. வாடத் தொடங்கியிருந்தாலும் பச்சை போகவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஏறிவிட்டார்களே என்று எரிச்சல்தான் வந்தது. பாதை திறந்திருக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டேன்.

அவன் வலது கல்லைப் பார்த்தான். அதில் போன பருவத்துச் சருகுதான் இருந்தது.

“இறங்குன தழை ஒண்ணுகூட இல்லையே, மச்சான்.”

மேலேயே தங்கியிருப்பார்கள் என்று சொல்லி, எங்கள் இரண்டு பேருக்கும் நானே தழை வைத்தேன்.

ஏற ஏறக் காடு வாயை மூடிக்கொண்டது. எப்போதும் கத்தும் மந்திகளைக் காணவில்லை. ஈரத்தில் அட்டைகள் குதிரைகளின் காலெல்லாம் ஏறின. கிடுகிடு பள்ளத்தின் ஓரமாகப் பாதை ஒடுங்கும் வளைவில் ஒரு மரவேர். அதில் கட்டிய கயிறு பள்ளத்துக்குள் தொங்கியது. இழுத்துப் பார்த்தேன். கனமில்லாமல் மேலே வந்தது. நுனி பிய்ந்திருந்தது.

முன்னால் போன என் குதிரை காதை மடக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அவன் திரும்பலாம் என்றான். அப்போது நான் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை.

“பரிசம் போட்டதும் பயம் வந்துருச்சாக்கும், மாப்ள?”

அவன் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனான். எந்த நாளும் முதலில் போவது நான்தான். அன்று அவன் போனான். பத்தடி தாண்டியிருக்க மாட்டான், ஊறிப்போன செம்மண் பாதையோடும் அவனோடும் அவன் குதிரையோடும் பள்ளத்துக்குள் வழுக்கி இறங்கியது. குதிரை ஒரே ஒரு முறை கனைத்தது.

எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் என்று தெரியாது. கடைசியில் அடியில் எங்கிருந்தோ ஒரு முனகல் கேட்டது. தனியாக என்னால் இறங்க முடியாது. ஆள் கூட்டி வரக் கீழே ஓடினேன்.

கல்லடியில் அவன் அப்பா மாட்டோடு நின்றிருந்தார். நான் நடந்ததைச் சொல்வதற்குள் பழக்கத்தில் கை ஒரு தழையை ஒடித்து வலது கல்லில் வைத்தது. அவர் அந்த ஒற்றைத் தழையையே பார்த்தார்.

“ஏலே, இன்னொண்ணு எங்க?”

தேன் எடுக்கும் பளியர் நாலு பேர் கொடிக்கயிற்றோடு வந்தார்கள். ஆளை மீட்க ஓடுகிறவர்களுக்குத் தழைக்கணக்கு கிடையாது. பொழுது சாய்வதற்குள் தூக்கிவிட்டார்கள். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. அவனுக்குச் சற்றுக் கீழே இரண்டு சும்மாட்டுத் துணிகள் புதரில் மாட்டிக்கிடந்ததாகச் சொன்னார்கள். ஆட்களைக் காணவில்லை.

அவனைத் துணித்தூளியில் சுமந்து வந்தார்கள்; கல்லடியில் அதை இறக்கச் சொன்னான். படுத்தபடியே ஒரு தழை கேட்டு வாங்கித் தன் கையாலேயே வலது கல்லில் வைத்தான். அவன் அப்பா அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

இடது கல்லில் பச்சைத் தழை நாலு, வலது கல்லில் இரண்டு. எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் இரண்டு தழை ஒடித்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“வேணாம் மச்சான். அவுக இன்னும் இறங்கலையே.”